ஐந்தரைக்கு விட்ட ஆபீஸ்

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சந்துகளில் ஆபீஸ் விட்ட பிறகு ஜனநடமாட்டம் உண்டா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். பாரிமுனை பஸ் நிறுத்தத்திலும் துணிக்கடைப் பக்கமும் கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. அது சாமான் வாங்க வரும் கூட்டம், வாங்கினதும் போய்விடும். நான் சொல்வது வேலை முடிந்தும் போகாமல் நிற்கும் கூட்டத்தை. ஒரு ஊரின் நடுத்தெரு சாயங்காலத்தில் கலகலவென்று இருக்க வேண்டுமானால், வீட்டுக்குப் போக அவசரப்படாத ஒரு நூறு பேர் அங்கே வேண்டும். அந்த நூறு பேரில் நானும் ஒருவனாக இருந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது போன வருஷம்தான் எனக்கு உறைத்தது.

கப்பல் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு விடுவித்துத் தரும் ஒரு சின்ன கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தேன். பகல் முழுக்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைச்சல். ஐந்தரைக்கு ஆபீஸைப் பூட்டுவார்கள். திருவொற்றியூருக்கு உடனே ஒரு மின்சார ரயில் உண்டு. அதில் எங்கள் ஆட்கள் யாரும் ஏற மாட்டார்கள். "கூட்டம் நெரிக்கும் மாமு, ரெண்டு வண்டி வுட்டுட்டுப் போலாம்" என்பது எங்கள் சந்தின் எழுதாத சட்டம். இரண்டு வண்டி விடுவது என்றால் ஏழு மணி வரை டீக்கடை வாசலில் நிற்பது. எந்தக் கப்பல் வெளியே காத்துக்கிடக்கிறது, எந்த அதிகாரி யாரிடம் எரிந்து விழுந்தார் என்று பேச்சு போகும். வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயிலிருந்து எடுக்க எடுக்கத் தீரும். சரக்கு ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரன் எங்களை உரசிக்கொண்டு போவான், திட்டுவான், நாங்களும் திட்டுவோம். பகலெல்லாம் கண்டவனிடமும் சார் சார் என்று குழைந்தவன், அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் நிமிர்ந்து நின்றேன்.

கல்யாணமான முதல் வாரம். ஏழே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைந்தவனிடம் என் மனைவி, "இன்னாயா, இம்மா நேரம்?" என்றாள். "ஆபீஸ் ஏழு மணிக்குத்தான் வுடுவாங்கோ" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்தது. ஆனால் மறுநாள் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதற்கு மறுநாளும். செல்போன் வந்த பிறகு, அவள் நம்பரைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டடத்து மாடிப்படிக்குள் ஒதுங்கி, குரலைத் தாழ்த்தி, "வேலையா கீறேன்மே" என்று சொல்லப் பழகினேன்.

நேரத்தை ஒளித்தேனே தவிர தெருவை ஒளிக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் பார்த்ததாகச் சொல்லி, சாப்பிடும்போது கதை கதையாக அளப்பேன். அவள் கரண்டியைப் பிடித்தபடி வாய் திறந்து கேட்பாள். "ஏழு மணிக்கும் அம்மாம் ஜனமா? ஒரு நாளு என்னிய இட்டுகினு போயேன்" என்பாள். போகலாம் என்பேன். ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை.

நான் டீக்கடையில் நிற்கும் அந்த ஆறு மணிக்குத்தான் எங்கள் வீட்டுத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். போர்வெல்லின் உப்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி. சின்னக் குழந்தையாக இருந்த எங்கள் மகளைப் படியில் உட்கார வைத்துவிட்டு, முண்டியடித்துப் பிடித்த குடங்களை ஒவ்வொன்றாக அவள்தான் மேலே ஏற்றுவாள். நான் போய்ச் சேரும்போது எல்லாம் நிரம்பி, தட்டு போட்டு மூடி, வரிசையாக இருக்கும். ஒத்தாசைக்கு ஆம்பிளை இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறை குத்தலாகக் கேட்டபோது, இவள் சண்டைக்கே போய்விட்டாள். "அவுரு ஆபீஸ் ஏழு மணிக்குத்தான் வுடுது. அவுரு இன்னா பண்ணுவாரு, பாவம்." நான் உள்ளே நின்று அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு காகிதமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. பாதிச் சரக்கு எண்ணூர்ப் பக்கம் புதுத் துறைமுகத்துக்குப் போனது. கொரோனாவில் மூடிய கம்பெனியை முதலாளி திரும்பத் திறக்கவே இல்லை. நான் வீட்டோடு ஆனேன்.

போன வருஷம் அவளுடைய இடுப்பு வலி காலுக்கு இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், ரொம்ப வருஷம் கனமாக ஏதாவது தூக்கினீர்களா என்று கேட்டார். "தண்ணி கொடந்தான் டாக்டரே, வேற இன்னாத்த தூக்கப் போறேன்" என்று சிரித்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் போய் வரிசை வரிசையாகக் காத்திருந்து வெளியே வந்தபோது மணி ஆறாகப் போகிறது. அவள் மனசு லேசாகட்டும் என்றோ, என் மனசு லேசாகட்டும் என்றோ, "வாமே, நம்ம ஆபீஸ் தெருவக் காட்டறேன்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தலையைக் கையாலேயே நீவிச் சரிசெய்துகொண்டாள். தெருவைக் காட்டும் ஆசையில் நான் சொன்ன பொய் எனக்கே நினைவில் இல்லை. அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சந்தில் இறங்கினோம். ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. எங்கள் கம்பெனி இருந்த மாடியில் வாடகைக்கு என்று ஒரு போர்டு. ஒரு நாய் நடுரோட்டில் படுத்திருந்தது. அதை எழுப்ப ஒரு வண்டியும் வரவில்லை. டீக்கடை மட்டும் திறந்திருந்தது, பஜ்ஜிச் சட்டி இல்லாமல். சட்டி இருந்த இடத்தையே பார்த்தபடி நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்:

"இன்னும் ஏழு ஆவலயே. ஆபீஸ் வுட்டா ஜனம் வரும். செத்த நிப்போம்."

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பு. "ஏழா? இன்னாம்மா சொல்றே. இந்தச் சந்துல எந்தக் காலத்துலயும் அஞ்சரைக்கே பூட்டிடுவாங்கோ. சாரு டாண்ணு வந்து இங்க நிப்பாரு. ஏழு மணி வரிக்கும் இவுரு சிரிக்கிற சிரிப்பு அந்த முக்கு வரிக்கும் கேக்கும். ஒரு நாள் தவறினது இல்ல."

அன்பாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, வரக்கூடாத கோபம்.

அவள் டீயை வாங்கி, ஆறும் வரை பிடித்துக்கொண்டு நின்றாள். "இவுரா? அம்மாம் சிரிப்பாரா?" என்று அவரிடம் கேட்டாள். "அட, இன்னாம்மா, வூட்ல சிரிக்க மாட்டாரா?" என்றார் அவர். அவள் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பலகையில் வைத்தாள்.

ஸ்டேஷன் வரைக்கும் அவள் முன்னால் நடந்தாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி. நான் பின்னால். வண்டி காலியாகத்தான் வந்தது. ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. ராயபுரம் போனது, கொருக்குப்பேட்டை போனது. சரக்கு வேகன்கள் நின்றிருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள், பார்வையைத் திருப்பாமலே கேட்டாள்:

"நான் உனக்கு இன்னா கொற வச்சேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளே எங்கோ தவறிவிட்டது போலவும், அது எங்கே என்று நான்தான் சொல்ல வேண்டும் என்பது போலவும். அதுதான் என்னைக் கொன்றது. அவளிடம் ஒரு குறையும் இல்லை. அங்கே பேச்சு நன்றாக இருந்தது, நாலு பேர் என்னை மதித்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவு அற்பமான ஒன்றுக்காகவா அவள் இடுப்பு போனது என்று அவள் கேட்டுவிட்டால் என்ன செய்வது?

"ஒரு கொறயும் இல்லமே" என்றேன்.

"அப்பறம் ஏன்யா?"

நான் கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.  வழியில் ஏறி அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருவொற்றியூரில் வண்டி நின்றது. ரயில் படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இறக்கம் கொஞ்சம் அதிகம். காலையில் ஏறும்போதே அவள் சிரமப்பட்டாள். நான் முதலில் இறங்கித் திரும்பி நின்று கையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கதவோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, தானே இறங்கினாள்.