ஜாம் பாட்டிலுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

மாம்பழ ஜாம் காய்ச்ச ஒரு முற்பகல் போதும். அதை நான்தான் காய்ச்சினேன் என்று நிமிர்ந்து சொல்ல எனக்கு நாலு வருஷம் பிடித்தது. வீட்டு அடுப்பை நம்பி வியாபாரத்தில் இறங்கிய சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரோ தெரிஞ்சவங்க

யுத்தம் வந்து கப்பல் சரக்கு நின்றதும் தருமபுரிக் கடைகளில் சீமை ஜாம் காணாமல் போயிற்று. கான்வென்ட்டில் மதர்கள் கற்றுக்கொடுத்ததில் எனக்கு மறக்காதவை இரண்டு: வேகமாக நடப்பது, ஜாம் காய்ச்சுவது. சர்க்கரை கிடைக்கவில்லை, வெல்லம் போட்டேன். நிறம் கறுத்தது, ருசி கூடிற்று. ஆனாலும் பாட்டிலில் என் பெயரை ஒட்டவில்லை. அதற்கெல்லாம் நாம் யார் என்று ஒரு கூச்சம்.

முதல் பாட்டிலை எதிர்வீட்டுக் குமாஸ்தாவின் மனைவிக்குக் கொடுத்தேன். "யாருங்க அக்கா செஞ்சது?" என்றாள். "யாரோ தெரிஞ்சவங்க" என்றேன். மறுநாளே காலிப் பாட்டிலோடு வந்து நின்றாள். "அந்தத் தெரிஞ்சவங்களுக்கு உங்க கைமணம் அப்படியே இருக்குதுங்க அக்கா."

சந்தையில் ஒரு சந்தேகம்

சந்தைக்குப் போனால் ஒரு விஷயம் என்னைக் குடையும். வியாபாரம் எப்படி என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில். வண்டி நிறையக் கொண்டுவந்த சட்டிகளை விற்றுத் தீர்த்து, வைக்கோலை உதறிக்கொண்டிருந்தவர்கூட, "என்னத்தங்க, ஏதோ ஓடுது" என்றார். வண்டியில் வைக்கோலைத் தவிர ஒன்றுமில்லை. வருத்தமாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். மனுஷர் வெற்றிலை மென்றபடி சந்தோஷமாகத்தான் இருந்தார்.

என்னோடு மாம்பழம் நறுக்கி அண்டாவைத் துழாவும் முனியம்மா வத்தல்மலைக்காரி. அவளிடம் காரணம் கேட்டேன். "நல்லா ஓடுதுன்னு சொன்னா கண்ணு பட்டுருங்கம்மா" என்றாள். அது எத்தனை அறிவீனம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். துடுப்பை நிறுத்தாமல் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க கான்வென்ட்ல படிச்சீங்க. கண்ணு படிக்கலீங்களே."

வாய் செய்த வேலை

நாலாவது சீசனில் என் வீட்டுக்காரர் கெடு வைத்தார். நிலையாக வாங்க ஓர் ஆள் கிடைக்காவிட்டால் அண்டாவைக் கவிழ்த்துவிட வேண்டும். அந்த வாரமே, மொரப்பூர் ரயிலடியில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவர் பட்டாளத்து ரயில்களுக்கு ஜாம் கேட்டு வந்தார். பட்டாளத்தில் சமையல் பார்த்தவர்; சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "வியாபாரம் எப்படிங்க போகுது?" என்றார். போன சீசன் ஜாமில் ஒரு பாட்டில்கூட மிஞ்சவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பி வாங்குகிறார்கள். இருந்தும், ஊரில் ஒருவருக்கும் அஞ்சாத என் வாய் சொன்னது, "ஏதோ ஓடுதுங்க."

அவர் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தார். "சரிங்கம்மா, நல்லா ஓடறப்ப சொல்லியனுப்புங்க."

மொரப்பூரில்

மறுநாள் காலை முனியம்மாவும் நானும் ஒரு கூடை பாட்டிலோடு பஸ் ஏறினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டுகிற பஸ், மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். நான் தள்ளிவிட்டு வந்து பார்த்தால், இவள் மைச்சிமிழைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு கறுப்புப் பொட்டு வைத்து முடித்திருந்தாள். "என்னடி இது கூத்து?" என்றேன். "பொட்டு வெச்சாச்சுங்கம்மா. இனி தகிரியமா வாயைத் தொறங்க."

கடைக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். கண் தானாகப் பொட்டுக்குப் போயிற்று. "நல்லா ஓடுதுங்க. போன சீசன்ல ஒண்ணுகூட மிஞ்சல. ஜாம் ருசியா இருக்கும். காய்ச்சினது நான்" என்றேன். சொல்லி முடித்தும் கூரை இடிந்து விழவில்லை.

அவர் ஒரு கரண்டி ருசி பார்த்தார், இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு பொட்டைக் காட்டி, "இது உங்க முத்திரைங்களா?" என்றார். நான் விழிப்பதற்குள் முனியம்மா, "ஆமாங்க" என்றாள். கூடையை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "வாராவாரம் அனுப்புங்க. பொட்டு இல்லாத பாட்டில் வந்தா திருப்பி அனுப்பிருவேன்."

அண்டா கவிழவில்லை, இப்போது யார் கேட்டாலும் நன்றாக ஓடுகிறது என்றுதான் சொல்கிறேன், என்ன, சொல்லும்போது முனியம்மாவின் மைச்சிமிழ் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.