இறக்கத்தில் நிறுத்திய இஞ்சின்

1. பங்களா ஏற்றத்தில் டிராக்டர் நின்றது. காலையில் ஏறியது, வெயில் வந்த பிறகு ஏறவில்லை.

2. அப்பா பெல்ட்டை மாற்றினார். பலனில்லை.

3. தோட்டத்து லொறி டிரைவர் எண்ணெய் குறைவு என்று சொல்லி ஊற்றினார். குறைந்திருந்தது உண்மைதான், ஆனால் அதுவும் உதவவில்லை.

4. பிறகு டிராக்டர் சமதரையிலேயே ஊர ஆரம்பித்தது.

5. ஹாலிஎலவில் நான் வேலை செய்யும் கராஜுக்கு அப்பா போன் எடுத்தார். "நீ வந்து ஒருக்கா பாரு பாப்பா" என்றார். அதுவரை எந்த வேலைக்கும் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

தோட்டத்துப் பழைய பங்களாவை விடுதியாக மாற்றியிருந்தார்கள். கடைசி வளைவில் வேன் திரும்பாது. விருந்தாளிகளின் பெட்டிகளை ரோட்டிலிருந்து மேலே ஏற்றவும் புல் வெட்டவும் கொழும்பிலிருந்து ஒரு சின்னத் தோட்ட டிராக்டரைத் தோட்டத்து மேலாளரான துரை வாங்கி வந்திருந்தார். அதை ஓட்டுவது அப்பாவின் வேலை. அதற்கு முன் அவர் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். ஒரு மழைநாளில் வடிகானில் விழுந்து முழங்கால் உடைந்தது. எலும்பு சேர்ந்த பிறகும் கால் சரியாக மடங்கவில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்று தோட்டத்தில் இருந்தது அது ஒன்றுதான். டிராக்டர் போனால் அவர் மறுபடியும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்று, பெயர் கொடுத்து, மலை ஏற வேண்டும்.

நான் ஸ்பானர் சாவிப் பெட்டியோடு போய் இறங்கியபோது லொறி டிரைவர் டிராக்டர் கொட்டகை வாசலில் நின்றார். மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்பார்கள்.

"என்னங்கண்ணே, பதுளையெல்லாம் பாஸ் தேடிட்டுக் கடைசியில ஒங்க மகளையா கூட்டியாந்தீங்க?"

"இதுதான் பாஸு. ஒங்க லொறி படுத்தாலும் இதுகிட்டதான் வரணும். அப்ப வரிசையில நில்லுங்க" என்றார் அப்பா.

இந்த டிராக்டரில் கியர் பெட்டி கிடையாது. இஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தில் ஒரு மோட்டார் சுழன்று சக்கரத்தை உருட்டும். உள்ளே தேய்ந்திருந்தால், எண்ணெய் சூடாகி நீர்த்ததும் இடுக்குகள் வழியாக நழுவிவிடும், அழுத்தம் இருக்காது. காலையில் ஏறி மதியம் ஏறாத வண்டிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆனால் வெளியில் உள்ளதையெல்லாம் பார்த்து முடிக்காமல் அதைச் சொல்லக்கூடாது என்று கராஜில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். பார்த்தேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது. மிதியிலிருந்து போகும் கம்பி கடைசி வரை நகர்ந்தது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. விசிறி சுழன்றது. பின்சக்கரங்களைக் கட்டையில் தூக்கி, முன்னும் பின்னும் ஓடவிட்டு உள்ளிருந்த காற்றை வெளியேற்றினேன். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் சரியென்று தெரியும்போது எனக்குப் பயம் கூடியது.

பிறகு மேல்பக்கம் வெட்டிய கேன் ஒன்றில் எண்ணெயை வடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். உள்ளே தேய்ந்து உதிர்ந்த பித்தளைப் பொடி மினுங்கியது.

டிராக்டரின் பின்னால் ஒரு சின்னக் கம்பி உண்டு. அதை இழுத்துவிட்டால் சக்கரம் தன்பாட்டில் உருளும். நின்றுபோன வண்டியைக் கையால் தள்ளி ஓரமாக்குவதற்காக வைத்தது. அப்பாவின் டிராக்டரில் அந்தக் கம்பியின் முனையில் மட்டும் பெயின்ட் முழுக்கப் போய்ப் பளபளத்தது.

"இத எதுக்குப்பா இழுப்பீங்க?"

"எறக்கத்துக்குத்தான். மேல இருந்து வரும்போது இஞ்சின நிப்பாட்டிருவேன். இத இழுத்துட்டா ரோடு வரைக்கும் சும்மா ஜம்முனு போகும். பிரேக்க புடிச்சிக்கிட்டா போதும்."

"எப்பவாவதா?"

"ஒவ்வொரு நடையும். பெட்ரோல் மிச்சம்தானே. தொரையே சொன்னாரு, நீ நல்லா பாத்து ஓட்டுறன்னு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள். தெமோதரையிலிருந்து வரும் வேனில் இஞ்சின் சத்தமில்லாமல் காற்றின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நானே எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அப்படி ஓட்டுகிறவனைக் கெட்டிக்காரன் என்பார்கள். ஆனால் இந்த வண்டியில் இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். சக்கரம் மோட்டாரைச் சுழற்றிக்கொண்டே போகும். அதற்குப் போதிய எண்ணெய் கிடைக்காது, உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும்.

அதை அங்கேயே அப்பாவிடம் சொன்னேன்.

"லொறியெல்லாம் அப்படித்தானே வருது?"

"லொறியில கியர் இருக்குப்பா. இதுல ஒயில்தான் எல்லாம்."

அவர் கேனுக்குள் விரலை விட்டு, பொடியைத் தேய்த்துப் பார்த்தார். "அப்ப நாந்தான் கெடுத்திருக்கேன்."

"தெரியாம நடந்தது."

"தெரியாமதான். யாரு கெடுத்ததுன்னுதான் சொன்னேன்."

தடித்த எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். அது மருந்தல்ல, நாள் கடத்தும் வழி என்று எனக்குத் தெரியும். முதல் நடையில் டிராக்டர் ஏறியது. வளைவிலிருந்து அப்பா கையசைத்தார். இறங்கும்போது இஞ்சினை ஓடவிட்டே வந்தார். அன்று மதியமே விருந்தாளிகளின் பெட்டிகளோடு அதே வளைவில் நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. அவர் குதிக்க முடியாமல் பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

டிராக்டர் வாங்கிய கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தோம். உள் சாமான்கள் தனியாகக் கிடைக்காது, பம்பும் மோட்டாரும் சேர்ந்த முழுப் பெட்டியாகத்தான் மாற்ற வேண்டும், அதையும் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் துரை போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

"பழைய சாமான்தானே, தேஞ்சு போச்சு. விடு" என்றார் அப்பாவிடம்.

அத்தோடு முடிந்திருக்கும். அப்பா விடவில்லை. "பழசுங்கிறதால இல்ல தொரை. நான் எறக்கத்துல நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டுனதுல போயிருச்சு."

"நானும்தானே அத நல்லதுன்னு சொன்னேன்" என்றார் துரை. பிறகு, "தோள்ல மாட்டி புல்லு வெட்டுற மெஷின் ஒண்ணு எடுப்போம். ஒனக்கு ஏலுமா?"

"பாக்கிறேன் தொரை."

மெஷின் வந்ததும் பார்த்தார். சரிவில் நின்று திரும்பும்போது கால் பிடிகொடுக்கவில்லை. இரண்டாம் முறை விழுந்தபோது துரையே மெஷினைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

டிராக்டர் இப்போது விறகுக் கொட்டகையில் நிற்கிறது. பெட்டிகளை ஆட்கள் தலையில் சுமந்து ஏற்றுகிறார்கள். அப்பாவின் பெயர் பெரட்டில் இருக்கிறது. உரம் போடப் போகிறார். கால் மடங்காததால் மலையில் பக்கவாட்டாக ஏறுகிறார். நான் பதுளையிலும் மொனராகலையிலும் பழைய சாமான் கடைகளில் விசாரித்துவிட்டேன். டிராக்டருக்கான அந்தப் பம்புப் பெட்டி எங்கும் இல்லை.