காலி வகுப்பறையில் கடைசி பெஞ்ச்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரும்பை அளந்து அறுக்கச் சொல்லித்தருகிறவள் நான். பலகையில் எழுதும்போது திரும்பிப் பார்க்காமலே, "கடைசி பெஞ்ச்! எழுந்து நில்லுடா!" என்று ஒரு அதட்டல் போடுவேன். யாராவது பேசினார்களா என்பது முக்கியமில்லை. பேசப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு கைப்பேசிச் செயலிக்காக என் பாடத்தைப் படம்பிடித்தார்கள். காலி வகுப்பறை, ஒரு கேமரா, சென்னையிலிருந்து வந்த மென்பொருள்காரர். பலகைப் பக்கம் திரும்பினேன். வாய் சும்மா இருக்குமா? "கடைசி பெஞ்ச்! எழுந்து நில்லுடா!"

மென்பொருள்காரர் பதறித் திரும்பினார். கடைசி பெஞ்சில் துடைப்பம்தான் சாய்ந்திருந்தது.

"மேடம், இதெல்லாம் வேணாம். உங்க பாடத்தையே கம்ப்யூட்டர் குரல்ல நீட்டா போட்டுடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது நான், இனி பாடம் நடத்துவது தொண்டையே இல்லாத ஒன்றா? "ரெண்டையும் பசங்களுக்குப் போட்டுக் காட்டுங்க தம்பி. அவங்க இன்னா சொல்றாங்களோ, அதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. என்னைப் பழிவாங்க அவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

பையன்கள் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குப் பயிற்சிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், டிவியில் போட்டார்கள். நாங்களும் ஏறிக்கொண்டோம். முதலில் கம்ப்யூட்டர் குரல். தேன் மாதிரி இருந்தது. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் எல்லோரும் குறட்டை, மென்பொருள்காரர் உட்பட.

அடுத்து நான். "கடைசி பெஞ்ச்! எழுந்து நில்லுடா!"

பின் சீட்டுப் பையன் தூக்கத்திலேயே விருட்டென்று எழுந்து, மேல் கம்பியில் மண்டையை இடித்துக்கொண்டு, "நான் இன்னும் பேசவே இல்ல மேடம்!" என்று அலறினான். டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார்.

"சார், இவங்களையே வெச்சிக்கோங்க" என்றான் பையன், மண்டையைத் தேய்த்துக்கொண்டே. "அது தாலாட்டு பாடுது. இவங்க கத்துனாதான் முழிச்சிக்கினு இருக்க முடியுது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அதட்டல் தானாகவே வருகிற மாதிரி செயலியை மாற்றிவிட்டார்கள்.

போன வாரம் பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும்போது அசந்துவிட்டேன். பக்கத்தில் யாருடைய கைப்பேசியிலிருந்தோ என் குரல். எழுந்து நின்றுவிட்டேன்! உட்காரச் சொல்வேன் என்று காத்திருந்தேன். பாடமே முடிந்துவிட்டது, சொல்லவில்லை. அதற்குள் என் சீட்டில் ஒரு அம்மா கூடையோடு உட்கார்ந்துவிட்டார்.

நின்றபடியே மென்பொருள்காரருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, 'உக்காரு'ன்னு ஒண்ணு சேத்துடுங்க. கால் வலிக்குது."