நாற்பத்தொன்பதாம் நாள் திறந்த பெட்டி

"சடக்!"

புத்தர் மாடம் இருந்த அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது, சாயோகோவின் கையில் சோப்பு நுரையோடு ஒரு தேநீர்க் கிண்ணம் இருந்தது. கணவன் தத்சுவோவின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து, பிக்குவும் உறவினர்களும் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். மிச்சம் இருந்தது அவளும் நாத்தனார் மசுமியும்தான்.

"அண்ணி, எலியா?"

"எலி என்ன, ஊதுவத்தி ஏத்த வந்துச்சா? இரு, பாத்துட்டு வரேன்."

பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தத்சுவோவின் படத்துக்கு எதிரே, ஒரு மணி நேரம் முன்பு அவள் கையாலேயே நிறுத்திய சிலை, கடல்வாள் மங்கை, ஊதுவத்திச் சாம்பலில் முகம் குப்புறக் கிடந்தாள். அலைமேல் ஊன்றியிருந்த இடது பாதம் மட்டும் பீடத்தோடு நின்றது.

அந்தச் சிலைக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தான் தத்சுவோ. ஒசாகா நகரப் பேருந்து ஓட்டியவன். குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், அலமாரி நிறைய, ரெசின் என்ற பிசினில் வார்த்த சிலைகள் சேர்த்தான். இருநூறே செய்யப்போகிறார்கள் என்று கேட்டு, ஒரு லட்சத்து எண்பதாயிரம் யென் முன்பணமாகக் கட்டினான். கம்பெனி மூன்று முறை தேதியைத் தள்ளியது. ஆஸ்பத்திரியில், பேச்சு குழறிய கடைசி நாளில்கூட, "அவ வந்துட்டாளா?" என்றுதான் கேட்டான்.

அவன் செத்த மூன்றாம் நாள் பெட்டி வந்தது. சாயோகோ அதைப் பிரிக்கவில்லை. நாற்பத்தொன்பது நாள் வரை போனவர் வீட்டைச் சுற்றித்தானே இருப்பார்? விடைபெறும் நாளில் அவர் கண்ணெதிரே திறப்போம் என்று முத்திரை கலையாமல் மாடத்தின் முன் வைத்தாள்.

இப்போது உடைந்த பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பல் கட்டும் கூடத்தில் இருபத்தேழு வருடமாக ரெசினில் பொய்ப்பல் செய்கிறவள் அவள். முறிந்த இடம் முழுக்கக் கடற்பஞ்சு மாதிரி பொத்தல். எடையைத் தாங்க உள்ளே ஓட வேண்டிய எஃகுக் கம்பியைக் காணோம். மூக்கருகே கொண்டுபோனாள். சரியாக இறுகாத ரெசினின் காரநெடி.

மறுநாளே, தத்சுவோவின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, கம்பெனிக்குப் போன் செய்தாள். வாடிக்கையாளர் பிரிவுத் தலைவர் ஒகுதானி பேசினார். குரலில் தேன் வழிந்தது.

"பெட்டி வந்து ஏழு நாளுக்குள்ள திறந்து பாத்துச் சொல்லியிருக்கணும்மா. விதி அது."

"எங்க வீட்டுல சாவுங்க."

"ஆழ்ந்த வருத்தம்மா. ஆனா பாருங்க, துக்க வீட்டுல நாலு பேர் வருவாங்க, போவாங்க. யார் கையாவது பட்டிருக்கும்."

"யாரும் தொடல. தானா விழுந்துது."

"சோகத்துல இருக்கிறவங்களுக்கு ஞாபகம் தப்புறது சகஜம்தாம்மா."

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"ஐயோ, அந்த வார்த்தைய நான் சொல்லலியே!"

போனை வைத்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "மசுமி, பணம் போச்சுன்னா போகட்டும். உங்க அண்ணன் எதிர்ல வெச்சு என்னைப் பொய்க்காரின்னுட்டான். அதே படத்துக்கு முன்னால அவன் மண்டி போடணும். என் மனசு அப்பதான் ஆறும்."

"போடுவான் அண்ணி. நீங்க ஒண்ணு பிடிச்சா விட மாட்டீங்கன்னு அண்ணன் பயந்து பயந்து சொல்லுவான்."

மதிய இடைவேளைகளில் பல்லறுக்கும் வாளால் அந்தக் கணுக்காலை அப்பளம் போல மெல்லிசாகச் சீவினாள். மெருகேற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டினாள். தத்சுவோவின் விலாசப் புத்தகத்தைத் தேடியெடுத்து, அதே சிலையை வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதினாள். 'யாரும் கம்பெனியோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் மங்கையின் முழங்காலருகே அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள். அது போதும்.'

ஒன்பது ஞாயிறுகள் போயின. பத்தொன்பது வீடுகளில் பத்தொன்பது மங்கைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் சேகரிப்பாளர் சந்தை கூடியது. கம்பெனிக் கடைக்கு நேர் எதிரே ஒரு மேசையை வாடகைக்கு எடுத்தாள் சாயோகோ. கறுப்பு உடை உடுத்து, பத்தொன்பது பேரின் படங்களையும் வரிசையாக அடுக்கி, நடுவில் அந்தக் கண்ணாடிச் சில்லோடு நுண்ணோக்கியை வைத்து உட்கார்ந்தாள். கேட்டவர்களுக்கு நுண்ணோக்கியை மட்டும் கை காட்டினாள். குனிந்து பார்த்தவர்கள் நிமிர்ந்து எதிர்க்கடையைப் பார்த்தார்கள். மாலைக்குள் அந்தக் கடையில் ஈ காக்கை இல்லை. அந்த மாதமே இருநூறு சிலைகளையும் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது.

சாயோகோ மட்டும் தன்னுடையதைத் திருப்பி அனுப்பவில்லை.

டிசம்பரில் ஒகுதானியே டோக்கியோவிலிருந்து ரயிலேறி வந்தார். ஒரு கையில் புதுச் சிலை, மறுகையில் இனிப்புப் பெட்டி. மன்னிப்பை ஏற்றதாக அவளிடம் கையெழுத்து வாங்காமல் திரும்பினால் அவர் வேலை நிலைக்காது. முகத்திலேயே அது எழுதியிருந்தது.

"டோக்கியோ இனிப்பா? எங்க ஊர்ல இதைவிட நல்லா கிடைக்குமே!" என்றாள் மசுமி.

அவர் நேராகப் படத்தின் முன் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் பதித்தார்.

"எனக்கில்ல. அவருக்குச் சொல்லுங்க," என்றாள் சாயோகோ. "நான் போன் பண்ணப்போ, கால் உடைஞ்சதுன்னு சொன்ன எத்தனையாவது ஆள் நான்?"

ஒகுதானி பாயைப் பார்த்தபடி முனகினார்.

"ஏழாவது."

"சத்தமா."

"ஏழாவது ஆள். எல்லாம் தெரிஞ்சும் மறைச்சேன். ஐயா, உங்க மனைவி பொய் சொல்லல. சொன்னவன் நான்தான்." நிமிர்ந்து, கையெழுத்துக் காகிதத்தையும் பேனாவையும் சாயோகோ பக்கம் நகர்த்தினார்.

மசுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி இளகிவிடுவாள் என்றே நினைத்தாள்.

சாயோகோ பல் கட்டும் கூடத்தில் போடும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இனிப்புப் பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"மூலை நசுங்கியிருக்கே."

"ரயில்ல... கூட்டம்மா..."

"யார் கையாவது பட்டிருக்கும்." கண்ணாடியைக் கழற்றினாள். "நான் போன் பண்ணி இன்னியோட இருநூத்திப் பதினோரு நாள். மன்னிப்பும் ஏழு நாளுக்குள்ள வந்திருக்கணும், ஒகுதானி அவர்களே. விதி அது."

"அம்மா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க..."

"ஆழ்ந்த வருத்தம்."

சிலைப் பெட்டியையும் இனிப்பையும் கையெழுத்தில்லாத காகிதத்தையும் அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். வாசலில் அவர் காலணிகளை மாட்ட வசதியாக வெளிப்பக்கம் திருப்பி வைத்து, முறைப்படி குனிந்து வணங்கினாள். அவர் படியிறங்கினார். தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.