கைப்பிடிக்குள் இருந்த கனம்

ஸ்கந்தபுரத்தில் ஆசிரியைகள் நாங்கள் சிலர் மாலையில் பட்மின்ரன் விளையாடுவோம். நான் ஓரளவு ஆடுவேன். ஆனால் என் அடியில் வேகமில்லை. கனமான மட்டை வாங்கினால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அது போர்க்காலம். எங்கள் பகுதியை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்துப் பல்லுக்கு மருந்தெடுக்க வவுனியா போனபோது ஒரு கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார முஸ்லிம் நானா புது மட்டையொன்றை நீட்டினார்.

"தங்கச்சி, உங்கட கைக்கு லேசானதுதான் சரி."

"இல்லை நானா, பாரமானதாத் தாங்கோ."

யாரோ பாவித்து விற்ற மட்டையொன்றுதான் பாரமாக இருந்தது. பிடிவாதமாக அதையே வாங்கினேன்.

திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் அதைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது ஏன் பாரம்?"

கைப்பிடியின் கறுப்பு நாடாவைக் கத்தியால் கிழித்து, அடிமூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். மூன்று ஈயத் துண்டுகள் மேசையில் விழுந்தன. தோட்டா என்றே நினைத்தேன். பின்னால் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள்.

வயதான இன்னொரு சிப்பாய் வந்து ஒன்றை உருட்டிப் பார்த்தார். வலை வீசுவதுபோலக் கையை அசைத்து, "மீன் வலை" என்றார். வலையில் கட்டும் ஈயம்தான். பழைய சொந்தக்காரர் பாரத்துக்காகக் கைப்பிடியைக் குடைந்து அடைத்திருக்கிறார். ஈயத்தை எடுத்துக்கொண்டு மட்டையைத் தந்தார்கள்.

ஈயம் போன அந்த லேசான மட்டையில்தான் என் அடிக்கு வேகம் வந்தது.

இப்போது யாருக்கு மட்டை வாங்கினாலும் கடையிலேயே நாடாவை அவிழ்த்து, மூடியைத் திறந்து பார்க்கிறேன். கடைக்காரர்கள் கோபிக்கிறார்கள். கோபிக்கட்டும். வேறொருவர் அவிழ்க்கும்போது பார்த்துக்கொண்டு நிற்க என்னால் இன்னொருமுறை முடியாது.