பெட்ரோல் மூடியில் சந்தனம்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு புதுக் காருக்குப் பூசை போட்டார்கள். சேலத்தில் எங்கள் அஸ்தம்பட்டிப் பக்கம் இப்போது இது அடிக்கடி நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கை நிறையச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். கண்ணாடிக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒவ்வொன்று. அவன் பின்பக்கம் போனதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "சாமி, பெட்ரோல் ஊத்தற மூடில மட்டும் வெச்சறாத!" என்று கத்திவிட்டேன். தட்டு ஏந்தி நின்ற அவன் அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நல்ல காரியத்தில் குறுக்கே பேசுகிற கிழவி என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். சந்தனம் என்னவெல்லாம் செய்யும் என்பது அவளுக்குத் தெரியாது.

சந்தனமும் பெட்ரோலும் கலந்தால் ஒரு வாசனை வரும். கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு அந்த வாசனை வந்தாலே, எங்கேயோ போக நேரமாகிவிட்டது என்று பதறுவேன்.

எழுபதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். நூல் மில்லில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டார். சீமையில் செய்தது. மேலே கூரை கிடையாது. இரண்டே சீட்டு, அதுவும் தரையோடு தரையாக. எதிரே ஆட்டு மந்தை வந்தால் ஆடும் நானும் ஒரே உயரம். பந்தயத்துக்கென்று செய்த வண்டி என்று பெருமையாகச் சொல்வார். எங்கள் ரோட்டில் அது கட்டை வண்டியோடுதான் பந்தயம் ஓடியது. ஆனாலும் அந்த வண்டியிடம் குழைந்து பேசியது போலக் கல்யாணமான புதிதில் என்னிடம்கூட அவர் பேசியதில்லை.

அந்த வண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவியைத் திருப்பியதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கரண்ட் பம்ப், பல்லி கத்துவது போல டக்டக்டக் என்று அடிக்கும். டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து இஞ்சினுக்கு அனுப்புகிற சத்தம் அது. இஞ்சினுக்கு வயிறு நிறைந்ததும் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பல்லி சொன்னால்தான் பயணம் என்று நான் கேலி செய்வேன்.

கேலி என்றதும் என் தம்பி ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கு ஒரே தம்பி. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். தன் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்து அழைக்கச் சேலத்துக்கு வந்தவன், வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இதுலயா வரப்போறீங்க? அப்பத் தள்றதுக்கு நாலு ஆளயும் கூட்டியாந்துருங்க." அவனுக்கு அது வெறும் சிரிப்பு. என் வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவன் போகும்போது வாசல் வரைக்கும் வரவில்லை. இந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டு மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், கல்யாணத்துக்கு வருவாரோ மாட்டாரோ என்று பேச்சு.

நான் போகாமல் இருக்க முடியாத கல்யாணம் அது. எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தின சாயங்காலம், கல்யாண மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். புதிதாக ஒருத்தி வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று எல்லார் முன்னாலும் தம்பி அக்காவுக்குச் சொல்கிற சொல் அது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பாள், அதில் குறையில்லை. ஆனால் சொந்த அக்கா உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி நின்றால், உறவு அறுந்தது என்றுதான் ஊரில் அர்த்தம். ஆயுசுக்கும் வாயில் போட்டு மெல்லுவார்கள்.

இரண்டு நாள் முன்னதாகவே போயிருக்க வேண்டியவள்தான். இவருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போய் இறங்கினால் "மாப்பிள்ளை எங்க?" என்று நூறு வாய் கேட்கும். அதனால் இணைச்சீர் அன்று மத்தியானம் சேர்ந்தே புறப்பட்டோம். பஸ்ஸில் போகலாம் என்றால் காதில் வாங்கவில்லை. அந்தக் காரிலேயே போய் இறங்கி என் தம்பி மூஞ்சியைப் பார்க்க வேண்டுமாம். டாங்கி நிறையப் பெட்ரோல் போட்டார். சீர்த் தட்டுக்கென்று நான் அரைத்து வைத்ததில் மிச்சமிருந்த சந்தனத்தை எடுத்து வண்டி முழுக்க வைத்தார். ஸ்டியரிங், விளக்கு, சக்கரம், பெட்ரோல் மூடி, ஓர் இடம் பாக்கியில்லை. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். "போதுங்க, கண்ணாலம் வண்டிக்கா, எந்தம்பிக்கா?" என்றேன்.

சேலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி விக்கி விக்கி நின்றது. சாவியைத் திருப்பினால் பல்லி பேசவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி வந்தது. இஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் குழாயைக் கழற்றிச் சாவியைப் போட்டார், சொட்டு வரவில்லை. டாங்கி மூடியைத் திறந்து வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தால் மேல்வரைக்கும் ஈரம். குழாயில் வாய் வைத்து ஊதினார். மறுபடி சாவி போட்டதும் டக்டக்டக். "தூசி அடச்சிருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். உலகத்தையே பழுது பார்த்துவிட்ட மாதிரி முகம். மூடியை இறுக்கி மூடிக்கொண்டு கிளம்பினோம்.

ஆட்டையாம்பட்டியில், நெசவுக்காரர்கள் தெரு முனையில், மறுபடி நின்றது. அதே குழாயைக் கழற்றி ஊதினார். இந்த முறை ஊதல் பலிக்கவில்லை. குழாய் இஞ்சினோடு சேருகிற இடத்தில் இருந்த சல்லடையை எடுத்தார். தூசி துரும்பு இல்லாமல் பளிச்சென்று இருந்தது. திரும்ப மாட்டி, ஸ்பேனர் பிடியால் பம்பைத் தட்டினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தலையில் மல்லிகை வாடுவது எனக்கே தெரிந்தது. திருச்செங்கோட்டு பஸ் ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. கண்டக்டர், "மல்லசமுத்திரமுங்களா, ஏறுங்க" என்றார். படியில் ஒரு காலைக்கூட வைத்துவிட்டேன். அவரை நடுரோட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும்? காலை எடுத்தேன். பஸ் போனதும், ஏறித் தொலைந்திருக்கலாமே என்று பதறினேன். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் பொசுங்கும்.

"அடிக்குது புள்ள, பம்ப் அடிக்குது!" என்று சீட்டுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு கத்தினார். நானும் காதை வைத்தேன். டக் டக் என்று கேட்கத்தான் செய்தது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் அது.

வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்த அந்த வீட்டம்மா, "என்னாச்சுங்க? கண்ணாலத்துக்குப் போற மாதிரி இருக்குது?" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டது. "தம்பிக்கு இணைச்சீருங்க. நான்தான் நிக்கோணும்" என்றேன். "தறியக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றனுங்க, உங்களுக்குச் சத்தம் தெரியும்" என்று அவள் உள்ளே போனாள். அவள் வீட்டுத் தறி நின்றது. அதைக் கேட்டோ என்னவோ பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது.

சாவி போட்டபடியே இருந்தது. பம்பில் மூச்சுப் பேச்சில்லை. "எதுக்கும் பெட்ரோலப் பாத்தறலாம்" என்று அவர் டாங்கி மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் எழுந்தது. அது அடங்குவதற்குள் பின்னாலிருந்து பல்லி பேச ஆரம்பித்துவிட்டது. டக்டக்டக். யாரும் எதையும் தொடவில்லை.

"மூடியத் தொறந்தாத்தான் அடிக்குதுங்க. மொதல்லயும் தொறந்தீங்க" என்றேன். அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்றுப் போவதற்காக மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அதன் மேல்தான் அப்பியிருந்தார், சந்தனமும் குங்குமமும். வெயிலில் காய்ந்து சிமிட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. வெளியிலிருந்து காற்றுப் போகாவிட்டால் பம்ப் எதை இழுக்கும்? என் சேலையில் குத்தியிருந்த ஊக்கை வாங்கி, நான் மூடியைப் பிடித்துக்கொள்ள, அவரே துளையைக் குத்தி எடுத்தார். "வாயத் தொறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. அந்த வீட்டம்மாதான் சிரித்துவிட்டாள்.

ஊர் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பந்தலுக்குள் மேளம் நின்றிருந்தது. பெரியப்பா மகள் புதுச்சேலை கட்டித் தயாராக இருந்தாள். என் தம்பி தலையில் கட்டிய உருமாலோடு, உட்கார வேண்டிய பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கழுத்தெல்லாம் வேர்வை. சடங்கு செய்து வைக்கிற அருமைக்காரர், "உக்காரு சாமி, நேரமாவுது, அவ வரமாட்டா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தது வாசலிலேயே என் காதில் விழுந்தது. அதற்கு இவன் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா வருமுங்க. எங்க மாமாவோட வண்டி, எங்கியாச்சும் நின்னுருக்கும். நான் நிக்கறேன்" என்றான்.

பந்தலே சிரித்தது. கோபத்தில் வரவில்லை என்ற பேச்சு அந்தச் சிரிப்பில் காணாமல் போனது. எங்களைப் பார்த்ததும், "ஆரு மாமா தள்ளுனாங்க?" என்றான். என் வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே போய்ச் சேலை முனையைப் பிடித்தேன். என் கை முழுக்கப் பெட்ரோல் நாற்றம்.

அந்த வண்டி பிறகு யார் யார் கைக்கோ போனது. ஓட்டியவரும் போய்ச் சேர்ந்தார், அவருக்குப் பிறகு என் தம்பியும். தம்பி மகன் கல்யாணத்துக்குப் போகும்போது வழியில் லாரி நெரிசலில் மாட்டிக்கொண்டோம். உள்ளே குளிர்காற்று வீசுகிற கார், ஒரு கோளாறும் இல்லை. ஆனால் நகரவில்லை. நான் வழக்கம் போலப் பறந்துகொண்டிருந்தேன். மண்டபத்திலிருந்து போன் வந்தது. "அத்தை, நீங்க பதட்டப்படாதீங்க. நாங்க ஆரம்பிச்சர்றோம், நீங்க மெதுவா வாங்க." அன்பாகத்தான் சொன்னார்கள், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தம்பியை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. அந்த "மெதுவா வாங்க"வைக் கேட்டபோதுதான் அவன் இல்லையென்பது முழுசாகத் தெரிந்தது.