சுக்கு வாசம் வந்த மாஸ்க்

பட்டப்பகலில், நடுத்தெருவில், முகத்தில் மாஸ்க்கோடு ஒரு சுக்கு மூட்டைக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர் மாடியிலிருந்து யாராவது படம் பிடித்திருந்தால் இந்நேரம் கொச்சி முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியிருப்பேன்.

ஏன் இந்தக் கூத்து? சொல்கிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மனைவி வித்யாவைத் தெரியும். அவளைப் பற்றி எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஊரறிந்தது. புதிதாக வருகிறவர்களுக்காக... அவள் மயக்க மருந்து டாக்டர். எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. முன்பெல்லாம் ஆபரேஷனுக்கு வருகிறவர்களைத் தூங்க வைப்பதோடு சரி. கொரோனா வந்த பிறகு, மூச்சுத் திணறுகிறவர்களின் தொண்டைக்குள் குழாய் இறக்குவதும் அவள் பொறுப்பு. நம்மையெல்லாம் தள்ளி நில்லுங்கள், தள்ளி நில்லுங்கள் என்று போனிலும் டிவியிலும் கெஞ்சுகிறார்கள். அவள் வேலையோ, நோயாளியின் வாய்க்கு நேராக ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது!

அடுத்த திங்கள்கிழமை முதல் கோவிட் வார்டில் ட்யூட்டி என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அங்கே மாஸ்க் தட்டுப்பாடு. ஒரு மாஸ்க்கைப் போட்டு, கழற்றி, காகிதக் கவரில் வைத்து, சில நாள் கழித்து மறுபடி அதையே போட வேண்டும். எங்கள் வீட்டு பால்கனிக் கொடியில் துணிக்குப் பதிலாக அந்தக் கவர்கள் கிளிப்பில் தொங்கின. ‘இத்தனை வருஷம் படிச்சு, கடைசியில் பழைய மாஸ்க்கைக் கொடியில் உலர்த்திப் போட்டுக்கொண்டு போகிறாளே’ என்று நினைத்துக்கொள்வேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் இருப்பது மட்டாஞ்சேரியில், மசாலா வியாபாரிகள் தெரு. கீழே பாண்டிகசாலை — சரக்குக் கிடங்குக்கு இங்கே அதுதான் பெயர் — மேலே வீடு. எங்கள் காலடியில் கிடங்குக்காரர் பஷீர்க்காவின் சுக்கும் மிளகும். கொடியில் தொங்கிய கவர்களைப் பார்த்து, இது என்ன என்று என்னிடம் கேட்டார் பஷீர்க்கா. விஷயம் தெரிந்ததும் தெரு வியாபாரிகள் கூடிப் பேசி, ஆலுவாவில் தெரிந்த ஒரு ஏஜென்ட் மூலம் ஒரு பெட்டி என்95 மாஸ்க் வரவழைத்துவிட்டார்கள்.

“டாக்டர்க்குள்ளது. நன்றி கின்றின்னு தொடங்கினா பின்னே நான் இந்தப் படி ஏறமாட்டேன், சாமி” என்று பெட்டியை என் கையில் திணித்தார் பஷீர்க்கா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினோம்?

டூப்ளிகேட் மாஸ்க் நிறைய வருகிறது என்று அன்று காலைதான் டிவியில் சொன்னார்கள். அதை பஷீர்க்காவிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. “அப்போ ஒண்ணு டெஸ்ட் பண்ணிடலாம்.”

எங்கள் தெருவில் டெஸ்ட் என்றால் ஒன்றுதான் — மூக்கு. சுக்கை உடைத்து முகர்வார்கள். மிளகைக் கசக்கி முகர்வார்கள். லட்ச ரூபாய் சரக்கைக்கூட மூக்கு சரி என்றால்தான் லாரியில் ஏற்றுவார்கள். மாஸ்க் போடுவதும் மூக்கில்தானே? மணத்தைத் தடுத்தால் ஒரிஜினல், உள்ளே விட்டால் டூப்ளிகேட் — எங்கள் இருவருக்கும் இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். மூட்டையைப் பிரித்து என்னை உள்ளே குனியச் சொன்னார்.

“மணம் உண்டோ, சாமி?”

இருந்தது. ஜம்மென்று இருந்தது.

போதாதென்று ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் கசக்கி, தூளை என் மூக்குக்கு நேராக ஊதினார். அதுவும் மணத்தது. ஊதியவர் தன் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்ததால் வரிசையாகத் தும்மினார். பக்கத்தில் மூட்டை தூக்குகிறவரும் தும்மினார். கொரோனா காலத்தில் ஒரு தெருவில் இத்தனை தும்மலா? சடசடவென்று எதிர் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

“படச்சோனே! நம்மளப் பத்திச்சுட்டான்!” பஷீர்க்கா தலையில் கை வைத்துக்கொண்டார். படைத்தவனே, நம்மை ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். ஏஜென்டுக்கு போன் போட்டு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆலுவாவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த டெம்போவிலேயே பெட்டியைத் திருப்பி அனுப்பினோம். வித்யாவை ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சாயங்காலம் வந்தாள். வழக்கம்போல வாசலிலேயே செருப்பைக் கழற்றி, குளித்துவிட்டு வந்து கேட்டாள்.

“ஏன்னா, ஏதோ மாஸ்க் பெட்டி வந்திருக்குன்னு போன்ல சொன்னேளே, எங்கே?”

“திருப்பி அனுப்பிட்டேன். எல்லாம் டூப்ளிகேட்.”

“எப்படித் தெரியும்?”

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் போன போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

“வாசனை வரத்தான் செய்யும். இந்த மாஸ்க் தடுக்கறது தூசியை, துளியை. வாசனையையும் தடுக்கணும்னா அது வேற மாஸ்க். அது இருக்கட்டும்... மிளகை ஊதினப்போ யாராவது தும்மினாளா?”

“பஷீர்க்கா தும்மினார். மூட்டை தூக்கறவர் தும்மினார்.”

“நீங்கோ?”

“நான்... தும்மலை.”

“எல்லாரும் தும்மியிருக்கா. மாஸ்க் போட்டுண்டவர் மட்டும் தும்மலை. அதனால மாஸ்க் சரியில்லைன்னு ரெண்டு பேருமா முடிவு பண்ணிட்டேள்!”

சிரித்தாள். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. “தும்மாததனால மட்டும் ஒரிஜினல்னு ஆயிடாது. அதுக்கு முறையா டெஸ்ட் இருக்கு. ஆனா டெஸ்ட் பண்ணறதுக்காவது பெட்டி வேணுமே” என்றாள். அவள் பார்வை பால்கனிக் கொடிக்குப் போயிற்று. எனக்குப் பகீரென்றது. இந்தப் பெட்டி போனால் திங்கள்கிழமை அந்தப் பழைய கவர்தான். ஏஜென்ட் அதற்குள் வேறு யாருக்காவது விற்றிருந்தால்?

படியில் தடதடவென்று இறங்கி ஓடினேன். பஷீர்க்கா டிரைவருக்கு போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி... எடுக்கவில்லை. நான் அந்தக் கிடங்கு வாசலில் நின்று அத்தனை தெய்வங்களையும் கூப்பிட்டேன். பஷீர்க்கா தன் பங்குக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அந்த டிரைவரே கூப்பிட்டார். ஆலுவா போகும் வழியில் களமசேரியில் போலீஸ் செக்கிங்காம். பாஸில் ஏதோ ஒரு முத்திரை சரியில்லை என்று மத்தியானத்திலிருந்து ஓரம் கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். எப்படியாவது பேசி விடச் சொல்லுங்கள் என்று புலம்பினார்.

பஷீர்க்கா ஆனந்தத்தில் கத்தினார் — “நீ இனி ஆலுவாவுக்கே போகண்டா! திரும்பி வா!”

அந்த போலீஸ்காரர் யாரோ, எவரோ. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

பெட்டி வந்தது. ஆனால் வித்யா அத்தோடு விடவில்லை. மறுநாள் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், ஃபிட் டெஸ்ட் செய்யாமல் வார்டுக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேலதிகாரி, “இதுக்கெல்லாம் இப்போ நேரமா, டாக்டர்?” என்றாராம்.

“நான் படுத்துட்டா என் ட்யூட்டியைப் பார்க்க ஆள் தேட நேரம் இருக்கா, சார்?” என்று இவள் கேட்டிருக்கிறாள். மற்ற டாக்டர்களும் நர்ஸுகளும் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்கள். அப்புறம் நேரம் கிடைத்துவிட்டது!

டெஸ்ட் என்றால் பெரிய மெஷின் எல்லாம் இல்லை. தலைக்கு மேல் ஒரு கூடாரம் மாதிரி கவிழ்த்து, உள்ளே தித்திப்பான மருந்தைப் பனி மாதிரி தெளிப்பார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல். நாக்கில் இனிக்க வேண்டும். பிறகு மாஸ்க்கோடு. தலையை ஆட்டி, பேசி, குனிந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். இனித்தால் எங்கோ ஓட்டை. இனிக்காவிட்டால் பாஸ்.

மத்தியானம் போன் வந்தது. “எனக்குத் துளிக்கூட இனிக்கலை!” என்றாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதுகூட அவள் குரலில் இவ்வளவு குதூகலம் இல்லை. ஒரு சக டாக்டருக்கு மட்டும் இனித்துக்கொண்டே இருந்ததாம். காரணம், அவர் ஆசையாக வளர்த்த தாடி. தாடி இருந்தால் மாஸ்க் தோலோடு ஒட்டாது. மனுஷன் அன்றைக்கே மழித்துக்கொண்டு வந்து, மறுபடி உட்கார்ந்து, பாஸாகிவிட்டார்.

எனக்கு ஒன்று தோன்றியது. டாக்டர்களைக் கடவுள், கடவுள் என்று கும்பிடுகிறோமே... அதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. கடவுளுக்கு மாஸ்க் வாங்கித்தர வேண்டியதில்லை. அவருக்கு வேர்க்காது, தாகம் எடுக்காது, பி.பி.இ. கிட்டுக்குள் மணிக்கணக்கில் நின்றாலும் பாத்ரூம் போகத் தோன்றாது. மனுஷி என்று ஒப்புக்கொண்டால்தான் தொல்லை. மாஸ்க் வேண்டும், அது முகத்தில் சரியாகப் பொருந்த வேண்டும், கிட்டைக் கழற்றும்போது தப்பாக எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கைதட்டுவது இதைவிட எவ்வளவு சுலபம்!

வித்யா ட்யூட்டி முடியும்வரை ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிவிட்டாள். தினமும் வீடியோ காலில் பார்ப்பேன். மூக்கின் மேல் மாஸ்க் பதிந்த சிவப்புத் தழும்பு. “சாப்பிட்டியா?” என்று கேட்பேன். நான் கேட்க நினைத்தது, “வாசனை தெரியறதா? ருசி தெரியறதா?” என்று. இந்த நோய் முதலில் அதைத்தானே எடுத்துக்கொண்டு போகிறது என்கிறார்கள். கேட்கப் பயம்.

நேற்று வீட்டுக்கு வந்தாள். டெஸ்டில் நெகட்டிவ். படியேறும்போதே பஷீர்க்கா கீழேயிருந்து, “டாக்டரே, சுகம் தன்னே?” என்று குரல் கொடுத்தார். அவள் நின்று, மூச்சை நன்றாக இழுத்து, “புதுச் சுக்கு வந்திருக்கு போல இருக்கே, பஷீர்க்கா?” என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

குளித்துவிட்டு வந்தவளுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“ஏன்னா, இதென்ன சாயாவா, பாயசமா? ஒரே தித்திப்பு! குடிக்க முடியலை.”

மிச்ச உயிரும் வந்தது.

என் சாயாவைக் குறை சொல்ல ஆள் வீட்டுக்கு வந்தாச்சு... வேறென்ன வேண்டும் எனக்கு?